ரஜாய்க்குள் புளித்த மாவு

டெல்லியில் தோசைக்கு அரைக்கிறவளுக்குத் தனியாக ஒரு பஞ்சாங்கம் வேண்டும். ஊரில் சாயங்காலம் அரைத்து வைத்தால் காலையில் மாவு பொங்கி நிற்கும். அதைப் பற்றி யாரும் யோசித்ததுகூட இல்லை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் குடிவந்த முதல் ஜனவரியில், நான் அரைத்து வைத்த மாவு இரண்டு நாளாகியும் ஆட்டுக்கல்லிலிருந்து வழித்த மாதிரியே கிடந்தது. அப்புறம்தான் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வழக்கம் தெரிந்தது. மாவுப் பாத்திரத்தை ரஜாயில், அதாவது பஞ்சு அடைத்த கனத்த போர்வையில், நன்றாகச் சுற்றிக் கட்டிலில் சுவரோரமாக வைத்துவிட வேண்டும். வீட்டில் யாருக்குப் போர்வை இருக்கிறதோ இல்லையோ, மாவுக்கு இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர் ஒரு அரசாங்கப் பயிற்சி நிலையத்தில் கிளார்க். ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் அதிகாரிகள் அங்கே வந்து, சில மாதங்கள் தங்கிப் படித்துவிட்டுப் போவார்கள். சிலர் குடும்பத்தோடு வருவதும் உண்டு. அவர்கள் கிளம்புவதற்கு முன், மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் புல்வெளியில் சாப்பாட்டு விழா நடக்கும். அந்தந்த நாட்டுக்காரர்கள் அவரவர் பண்டத்தைச் செய்து வைப்பார்கள். நம் நாட்டுக்கு மட்டும் மாநிலத்துக்கு ஒரு மேஜை.

அந்த வருஷம் பயிற்சி நிலைய டைரக்டரின் மனைவி கூட்டிய கூட்டத்தில் எல்லா மேஜைக்கும் ஆள் குறித்தாயிற்று. எங்கள் முறை வந்ததும் அந்த அம்மாள், "மதராசி ஸ்டாலுக்கு ஹோட்டலில் ஆர்டர் கொடுத்துவிடலாம், எல்லாம் ஒரே அளவாக, அழகாக இருக்கும்" என்று இந்தியில் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். பஞ்சாப் மேஜையின் சோலே பட்டூரா மட்டும் வீட்டில் செய்தது, தோசை மட்டும் ஹோட்டலிலிருந்தா? எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த இந்தியில், தோசை நான் வார்க்கிறேன், சூடாக, அங்கேயே வார்க்கிறேன் என்றேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "அச்சா, இந்தத் தடவை பார்க்கலாம்" என்றார். சரியாக வராவிட்டால் அடுத்த வருஷத்திலிருந்து ஹோட்டல்தான் என்று அதற்கு அர்த்தம். கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் அது புரிந்தது.

கரோல்பாக்கில் நம்மவர் கடைக்குப் போய்ப் புழுங்கலரிசி வாங்கி வந்தோம். மாடிக் குவார்ட்டர்ஸில் ஆட்டுக்கல் உருண்டால் கீழ்வீட்டில் கூரை அதிரும். அவர்களிடம் முன்னாலேயே சொல்லி வைத்தேன். அந்த வாரம் முழுக்க மேகமும் சாரலுமாகக் குளிர் திரும்பியிருந்தது. மாவு சதி பண்ணிவிடக் கூடாதே என்று, வெள்ளிக்கிழமையே அரைத்துப் பெரிய அடுக்கில் ஊற்றி, ஒன்றுக்கு இரண்டு ரஜாயாகச் சுற்றி வைத்தேன். சனிக்கிழமை காலையில் வானம் வெளுத்து வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்தது. விழாவுக்கு வேண்டிய சட்னிக்கும் சாம்பாருக்கும் நாள் முழுக்க அலைந்ததில் ரஜாய் நினைவே எனக்கு வரவில்லை. டெல்லித் தமிழச்சியைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரஜாயைப் பிரித்தபோது மாவு வழிந்து மெத்தை வரை போயிருந்தது. கள்ளுக்கடை மாதிரி ஒரு வாடை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உச்சி கூசியது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன இது, இந்த நாத்தம் நாறுது? பேசாம ஹோட்டல்ல சொல்லிடட்டுமா? இப்பச் சொன்னாக்கூட ஜல்தியா அனுப்பிடுவான்."

"நீங்க சும்மா இருங்க. ஹோட்டல்னு இன்னொரு தரம் சொன்னீங்க, அடுப்பை அணைச்சிட்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்துடுவேன்."

"உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்."

"என் நல்லது எனக்குத் தெரியும். போய் ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊத்துங்க."

வாய் அப்படிப் பேசிவிட்டதே தவிர, எனக்கே நம்பிக்கை இல்லை. மேலே தெளிந்து நின்ற நீரை இறுத்தேன். பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றினேன், கொஞ்சம் சர்க்கரை போட்டேன். என்ன செய்தும் புளிப்பு அடங்கவில்லை. அதோடுதான் கிளம்பினோம்.

புல்வெளியில் மேஜைகளைப் பார்த்துக்கொண்டே போனதில் கொஞ்ச நேரம் கவலை மறந்தது. நம் சமோசாவை ஒவ்வொரு நாட்டுக்காரர்களும் தங்கள் வீட்டுச் சொத்தாகவே வைத்திருந்தார்கள். பர்மாக்காரர் மேஜையில் அது சமூசா. எங்களுக்கு அடுத்த எத்தியோப்பிய மேஜையில் சம்பூசா. உள்ளே உருளைக்கிழங்குக்குப் பதில் பருப்பு. டைரக்டரின் மனைவி, "எல்லாரும் நம்மைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறார்கள்" என்றார். யாரைப் பார்த்து யார் செய்தார்களோ!

ஸ்டவ்வை மூட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த தோசைக்கல்லைப் போட்டேன். முதல் தோசை டைரக்டரின் மனைவிக்குத்தான். ஒரு வாய் வைத்தார். கண்ணைச் சுருக்கினார். "தோடா கட்டா ஹை, ஜி" என்றார். கொஞ்சம் புளிக்கிறதாம். கொஞ்சமா? தட்டை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்தார். பெரிய வீட்டு அம்மாளே வைத்துவிட்டால் மற்றவர்கள் எப்படித் தொடுவார்கள்? வரிசை கரைந்து பட்டூரா பக்கம் போய்விட்டது. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை முட்டியது. அழுதால் ஹோட்டல் ஜெயித்துவிடும் என்று தோசைக் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் எத்தியோப்பிய மேஜைக்காரி வந்தாள். உயரமானவள், என் வயதுதான் இருக்கும், வெள்ளைச் சல்லாத் துணியைத் தோளில் போர்த்தியிருந்தாள். மரியாதைக்கு ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். மெல்வதை நிறுத்தினாள். இன்னொரு விள்ளல். பிறகு மாவு அடுக்குக்கு மேலே குனிந்து, கண்ணை மூடி, அந்த வாடையை மூச்சு முட்ட இழுத்தாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்ட வாடை அது!

அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் சேர்ந்தால் ஒருவருக்குப் போதும். அதை வைத்தே பேசினோம். அவர்கள் நாட்டில் இஞ்சிரா என்று ஒன்று. அதுதான் மூன்று வேளையும். கடுகைவிடச் சின்னதாக ஒரு தானியத்தை மாவாக்கிக் கரைத்து, நாள் கணக்கில் புளிக்க வைத்து வார்ப்பார்களாம். புளிக்காவிட்டால் அது இஞ்சிராவே இல்லை. டெல்லியில் அந்தத் தானியம் கிடைக்காமல் மைதாவில் செய்து வைத்திருந்தாள். தன் மேஜையைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். "நாலு மாதமாகப் புளிப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன், நீ எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?" என்று கேட்டாள். ரஜாயைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

அடுத்து அவள் செய்த காரியத்துக்கு வேறு யாராயிருந்தாலும் கையைத் தட்டிவிட்டிருப்பேன். என் தோசைக் கரண்டியை வாங்கி, என் கல்லில், தானே மாவை ஊற்றினாள். நாம் நடுவில் ஊற்றி வெளியே இழுப்போம். அவள் கல்லின் ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்தாள். எண்ணெய் கிடையாது. மூடி போட்டாள். திருப்பவும் இல்லை. மூடியை எடுத்தபோது மேலெல்லாம் பொடிப்பொடியாகத் துளைகள் திறந்திருந்தன. அவற்றைக் காட்டி, தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். தோசையில் விழும் துளையை நாமும் கண் என்றுதானே சொல்கிறோம்! அவள் என் தோசையை இஞ்சிரா என்றாள். நான் அவள் இஞ்சிராவைத் தோசை என்றேன். ஒருவரை ஒருவர் திருத்தவில்லை.

தன் மேஜையிலிருந்து காரமான பருப்புக் குழம்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். கறி கலந்திருக்குமோ என்று தயங்கினேன். அவர்களுக்கு அது விரத மாதம், கறியும் பாலும் தொடுவதில்லை என்றாள். குழம்பைத் தொட்டு அவள் சாப்பிட்டாள். பிறகு அதே கையால் ஒரு துண்டைக் கிள்ளி, குழம்பை வைத்துச் சுருட்டி, என் வாய்க்கு நேரே நீட்டினாள். சமைத்தவளுக்குக் கையால் ஊட்டுவது அவர்கள் நாட்டில் பெரிய மரியாதையாம்.

எச்சில் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. வீட்டுக்காரர் வாய் வைத்த டம்ளரைக் கழுவாமல் தொடமாட்டேன். புல்வெளியே பார்த்துக்கொண்டிருந்தது, டைரக்டரின் மனைவி உட்பட. ஆனால் ஊரே ஒதுக்கிய என் மாவை ஒருத்தி விருந்தாக்கி நீட்டுகிறாள். வாயைத் திறந்தேன்.

புளிப்பும் காரமுமாக அப்படி ஒரு ருசி. புளித்த மாவுக்கு ஏற்ற துணை சட்னி இல்லை, அந்தக் குழம்புதான். அதன் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு அலுக்கவே அலுக்காது. அவள் தன் நாட்டுக்காரர்களைக் கூப்பிட்டாள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். நான் வார்க்க, அவள் குழம்பு ஊற்றினாள். டைரக்டரின் மனைவியே திரும்பி வந்து தட்டை நீட்டினார். அடுக்கை வழித்து எடுத்து ஆயிற்று. விழா முடிவில் அவர் மைக்கில், அடுத்த வருஷமும் மதராசி ஸ்டால் இவருக்குத்தான் என்றார். பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இதைச் சொல்ல வெட்கம் என்ன?

அடுத்த வாரம் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முன் ஒரு நாள் நம் வீட்டில் சாப்பிட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தேன். இரண்டு நாள் முன்பே அரைத்தேன். வெயில் ஏறி, மின்விசிறி போட ஆரம்பித்தாயிற்று. வீட்டுக்காரர் அடுக்கின் மூடியைத் தூக்கிவிட்டுப் பதறிப்போனார்.

"ஏய், மாவு இப்பவே புளிச்சு நிக்குது. அவங்க நாளைக்குத்தானே வராங்க?"

"ஆமா. அந்த ரஜாயை எடுத்துட்டு வாங்க, நல்லா மூடி வைப்போம்."