துப்பாத மிடறு

எட்மண்டனில் வைன் கடை வைத்திருந்த அந்த மனிதர் ஒரு சொட்டு வைனும் குடித்ததில்லை. கடை திறந்த அன்று மனைவிக்குக் கொடுத்த வாக்கு அது. எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் இருப்பார். பேசிக்கொண்டே போத்தல்களைத் திருப்பி, லேபிள்கள் எல்லாம் வாசலைப் பார்க்கும்படி வைப்பார்.

மொத்த வியாபாரி ஒருவர் அவரை ஸ்பெயினின் கிராமத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு அழைத்துப் போயிருந்தார். திரும்பி வந்த இரண்டாம் நாள் நான் கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததுமே ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டினார்.

"தம்பி, இந்த லேபிளில இருக்கிற மலை உண்மையான மலை! அதுக்குக் கீழ நிண்டு பழம் பிடுங்கித் திண்டனான்!"

"வைனும் குடிக்கத் தந்திருப்பினமே, அண்ணை?"

"ஓம். வாயில வைச்சு உருசி பாத்திட்டு வாளியில துப்பலாம். பெரிய பெரிய ஆக்களே துப்பினவை. நானும் முதல் தோட்டத்தில துப்பினன். ரெண்டாவதிலயும் துப்பினன்." குரலைத் தாழ்த்தினார். "மூண்டாவதில துப்பேல்லை."

"மறந்து போனியளோ?"

"மனம் வரேல்லை, தம்பி."

"அக்காவுக்குச் சொல்லிட்டியளோ?"

அவர் பதில் சொல்வதற்குள் மாடிப்படியில் மனைவி இறங்கி வரும் காலடி கேட்டது. அவர் முகத்தில் பயத்தைத் தேடினேன்; இல்லை.

"இஞ்சரும், கெதியா வாரும்! உமக்கொரு கதை சொல்லோணும்!"

நான் வெளியே வந்து, கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளாலும் காற்றில் மலையை வரைந்துகொண்டிருந்தார். மூன்றாவது தோட்டத்துக்கு வந்துவிட்டாரா என்பதை அவருடைய மனைவியின் முகத்திலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.