ஒட்டக பஸ்ஸுக்கு முந்தைய போட்டோ

"மிஸ், ப்ராப்ளத்த சால்வ் பண்ணியாச்சு. இப்ப அந்த ப்ராப்ளத்துக்கு எங்க போறது?" என்று கார்த்திக் கேட்டபோது, மாடரேட்டர் மாடியில் உட்கார்ந்து மற்றவர்களின் ஃபைல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஷார்ஜாவில் முவைலா பக்கம் ஒரு பள்ளியில் நான் 'கீ ஸ்கில்ஸ்' என்ற திறன் படிப்பை மதிப்பிடும் அசெஸ்ஸராகச் சேர்ந்த முதல் வருடம் அது. நான் கவனித்த 'ப்ராப்ளம் சால்விங்' பிரிவில் பரீட்சை கிடையாது. மாணவர்கள் நிஜமான சிக்கல் ஒன்றை எடுத்து, திட்டம் போட்டுத் தீர்த்து, தீர்த்ததற்கான ஆதாரங்களை ஃபைலில் வைக்க வேண்டும். அசெஸ்ஸர் கையெழுத்துப் போடுவார். வெளியிலிருந்து வரும் மாடரேட்டரும் ஒப்புக்கொண்டால்தான் சான்றிதழ்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேலை கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு இதையெல்லாம் விளக்கினேன்.

"பரீட்ச எழுதாமலே பாஸா? அப்ப நீ மட்டும் ஏன்டி விழுந்து விழுந்து எழுதுன?" என்றாள்.

என் அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். அம்மா அதை மீன் சந்தை முழுக்கக் காட்டிவிட்டாள்.

கார்த்திக்கின் குழுவில் ஆறு பேர். அவர்கள் எடுத்த சிக்கல் பள்ளி பஸ். இருபது மஞ்சள் பஸ்கள் அச்சு அசலாக ஒரே மாதிரி நிற்கும். கேஜி குழந்தைகளுக்கு நம்பர் படிக்கத் தெரியாது. அஜ்மான் போக வேண்டிய பிள்ளை அல் நஹ்தாவில் இறங்கி அழும். இவர்கள் ஒவ்வொரு பஸ் கதவிலும் ஒரு மிருகப் படம் ஒட்டினார்கள். ஒட்டக பஸ், யானை பஸ், ஆமை பஸ். சில வாரங்களில் குழப்பம் கலாஸ். ஆமை பஸ் டிரைவர்தான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஃபைலில் 'முன்பு' என்ற பக்கம் மட்டும் காலி. படம் ஒட்டுவதற்கு முன்னால் அந்தக் கூட்டத்தை யாரும் போட்டோ எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். கார்த்திக் அந்தச் சான்றிதழைக் கல்லூரி விண்ணப்பத்தில் சேர்க்கக் காத்திருந்தான். எனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"ஒட்டுன படத்த எல்லாம் உரிச்சுடலாம் மிஸ். பழையபடி குழம்புவாங்க. நாலு போட்டோ, அவ்ளோதான்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். "பத்து நிமிஷம்தான்" என்றேன்.

பஸ் கதவுகளிலிருந்து படங்களை உரித்தார்கள். பன்னிரண்டரைக்கு கேஜி மணி அடித்தது. குழந்தைகள் வந்தார்கள். வரிசையாக நடந்தார்கள். அவரவர் பஸ்ஸில் ஏறினார்கள்.

கார்த்திக் ஒரு சின்னப் பெண்ணை மறித்தான். "பாப்பா, அந்த பஸ்ல ஏறேன்!"

"அது டர்ட்டில் பஸ். நான் கேமல்."

"படமே இல்லையே!"

அவள் அவனை இரக்கத்தோடு பார்த்தாள். "அண்ணா, உங்களுக்கு உங்க பஸ் தெரியாதா?"

எனக்குப் பதற்றம் ஏறிவிட்டது. "கண்ணுங்களா, கொஞ்சம் குழம்புங்களேன்!" என்று கத்தினேன். பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார். மாடரேட்டர்.

என்ன நடக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லும் அளவுக்கு அப்போது என் ஆங்கிலத்துக்கு வேகம் போதாது. அவர் சிரிக்கவில்லை. செட்டப் செய்த போட்டோ ஃபைலில் இருந்தால் ஆறு பேருமே ஃபெயில் என்றார். இப்போது குழப்பம் இல்லை என்பது தெரிகிறது, முன்பு இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்றும் கேட்டார்.

ஒட்டக பஸ்ஸின் கண்டக்டர் மேரி அக்கா படியிலிருந்து எட்டிப் பார்த்தார். தூத்துக்குடிக்காரர்.

"என்ன மிஸ், ஆதாரமா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்னவாம்?"

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். தப்பான பஸ்ஸில் ஏறிய ஒவ்வொரு பிள்ளையின் பெயர், தேதி, எங்கே கிடைத்தது, எந்த அம்மாவுக்குப் போன் போட்டார், எல்லாம் தமிழில் இருந்தது.

"நாளைக்கு எவனும் எம்மேல பழி போடக்கூடாதுல்லா?"

அவர் வாசிக்க நான் மொழிபெயர்த்தேன். பக்கம் பக்கமாகப் பெயர்கள். படம் ஒட்டிய வாரம் மூன்று. அடுத்த வாரம் ஒன்று. அப்புறம் வெறும் தேதிகள். மாடரேட்டர் சாட்சிப் படிவத்தை நீட்டினார். மேரி அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு எப்ப சர்டிபிகேட்?"

"நீங்க சாட்சிக்கா."

"பிள்ளையத் தேடுனவ நான், ஏச்சு வாங்குனவ நான். சர்டிபிகேட் அவனுவளுக்கு. நடத்துங்க!"

ஆறு பேரும் பாஸ். என்னைப் பற்றி மட்டும் மாடரேட்டர் 'அசெஸ்ஸருக்குப் பயிற்சி தேவை' என்று எழுதிவிட்டுப் போனார். அந்தப் பயிற்சியை முடித்த பிறகுதான் என் வேலை நிரந்தரமானது. புதிதாக வரும் அசெஸ்ஸர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆதாரத்தைத் தயாரிக்காதீர்கள். அந்தச் சிக்கலில் தினமும் மாட்டிக்கொண்டிருந்தவர் யார் என்று தேடிப் போய்க் கேளுங்கள்.

மாடரேட்டர் வந்துபோன மறுநாள் படங்களைத் திரும்ப ஒட்டப் போனபோது ஆமை பஸ் டிரைவர் கதவை மறித்து நின்றார். பெஷாவர்க்காரர். "மேடம், ஆமை மாஃபி. டைகர் லகாவோ!"

ஆமை வேண்டாமாம், புலி வேண்டுமாம். பாவமாக இருந்தது. புலியை ஒட்டினோம். அன்று மதியம் ஆமை பஸ் பிள்ளைகள் அத்தனை பேரும் இது எங்கள் பஸ் இல்லை என்று ஏற மறுத்து, வாசலில் உட்கார்ந்து அழுதார்கள்.

இந்தத் தடவை நான் முதலில் போட்டோ எடுத்தேன்.