அண்ணனை நான் வழியனுப்பவில்லை

எங்கள் தெராவோ குடும்பத்தில் யாரும் பொய் சொல்வதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதியிருப்பது சென்ற ஆகஸ்டில், ஷிசுவோகாவில், என் சொந்த வீட்டில் நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். கெஞ்சி நம்பவைக்கும் வழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை.

என் அண்ணன் ஷிங்கோ போர் விமானி. ஐம்பது வருடங்களுக்கு முன் பயிற்சியின்போது கடலில் விழுந்து இறந்தார். உடல் கிடைக்கவில்லை. அன்று இரண்டு விமானங்கள் ஜோடியாகப் பறந்தன. திரும்பி வந்தவர் குரிதா. "தெராவோ வித்தை காட்டினான். தாழப் பறந்து கடலில் மோதினான்." அவர் சொன்னதே தீர்ப்பாயிற்று. வித்தை காட்டிச் செத்தவனின் தகப்பன் என்ற பேச்சைச் சுமந்துகொண்டே என் அப்பா கண்ணை மூடினார்.

எங்கள் ஊரில் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி மாதிரி விமானம் கட்டாத கிழவர்கள் குறைவு. சென்ற கோடையில் நான் அண்ணன் ஓட்டிய ஜெட்டின் மாதிரியைக் கட்ட உட்கார்ந்தேன். ஒரு முழ நீளம். முதலில் பளபளக்கும் கறுப்பு, அது நன்றாகக் காய்ந்தபின் மேலே வெள்ளிப் பூச்சு. அப்போதுதான் உலோகம் உலோகமாகத் தெரியும். விமானி பொம்மையை நேரே பார்க்கும்படி இருக்கையில் ஒட்டினேன். கண்ணாடி மூடிக்கு மட்டும் மரப் பசை. உடனே ஒட்டும் பசையை வைத்தால் அதன் ஆவி ஏறி, கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும். கடைசியாக, மூடிக்குக் கீழே அண்ணனின் பெயரை எழுதினேன். ஒளித்து வைக்க அது திருட்டுப் பெயர் அல்ல.

இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் ஓபோன் நாட்கள் வந்தன. அவர்கள் விரைந்து வர, வெள்ளரிக்காயில் குச்சிக் கால் செருகிக் குதிரை செய்வோம். ஆற அமரத் திரும்பிப் போக, கத்தரிக்காயில் மாடு. இந்த முறை பூசை மாடத்தில் குதிரைக்குப் பதிலாக ஜெட்டை வைத்தேன். மூக்கு வீட்டுக்குள் பார்க்க.

"மாடாவது செய்ங்க" என்றாள் மனைவி நட்சுயோ. "வந்தவரு எதுல திரும்பிப் போவாரு?"

"சத்தத்தை முந்திப் பறந்தவர மாட்டு மேல ஏத்தி அனுப்பச் சொல்றியா?"

"ஆமாமா. உங்க வீட்டு ஆம்பளைங்க செத்தாலும் வீம்பு விட மாட்டாங்க."

பதின்மூன்றாம் தேதி. அந்தி. வாசலில் சணல் குச்சிகளைக் கொளுத்தி அண்ணனை அழைத்தோம். உள்ளே திரும்பினால், மண்ணெண்ணெய் வாடை. எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் கிடையாது. ஜெட் எரிபொருளுக்கும் அதே வாடைதான்; விடுப்பில் வரும்போதெல்லாம் அண்ணன் சட்டையில் அடிக்கும்.

மாடத்தைப் பார்த்தேன். விமானத்தின் கண்ணாடி மூடி உள்ளே வெளுத்திருந்தது.

"அவசரத்துல அந்தப் பசைய வெச்சுட்டீங்களா?"

"என்னை என்ன, நேத்துதான் முதல் பெட்டி வாங்குனவன்னு நெனச்சியா?"

பசையின் ஆவி படிந்தால் படிந்ததுதான். தானாகப் போகாது. ஆனால் இந்த வெளுப்பு மெல்லக் குறைந்தது. பிறகு கூடியது. மறுபடி குறைந்தது…

மூச்சு விடுவதுபோல.

மறுநாள் கண்ணாடி தெளிந்திருந்தது. பொம்மையின் தலை வலப்பக்கம் திரும்பியிருந்தது. மூடியில் ஒரு விரிசல்கூட இல்லை.

அதற்கும் மறுநாள், விமானத்தின் மூக்கு வாசலைப் பார்த்திருந்தது. நட்சுயோ தொடவில்லை. நானும் தொடவில்லை.

பிற்பகல் மூன்று மணி. வாசல் மணி அடித்தது.

குரிதா! ஐம்பது வருடமாக எங்கள் படியேறாத மனிதர்.

"என்ன தம்பி, போன் பண்ணி வரச் சொல்லிட்டு வாசல்லயே நிக்க வைக்கிறே?"

"நான் பண்ணலியே."

"உன் குரல்தான். 'வந்து ஊதுவத்தி ஏத்திட்டுப் போங்க'ன்னே. அதுக்குள்ள மறதியா?"

எனக்கும் அண்ணனுக்கும் ஒரே குரல். அம்மாவே சில நேரம் ஏமாந்துபோவாள்.

குரிதா மாடத்தின் முன் மண்டியிட்டார். ஊதுவத்தி ஏற்றினார். விமானத்தில் இருந்த பெயரைப் படித்துச் சிரித்தார்.

"இந்தப் பேரப் போயி எழுதி வெச்சிருக்கியே. உங்க மானம் போகக் கூடாதுன்னு நான் அப்பவே பாதியத்தான் சொன்னேன்."

"மீதியையும் சொல்லுங்க" என்றேன். "அவர் முன்னாலயே சொல்லுங்க."

அவர் குனிந்தார்.

கண்ணாடி வெளுத்தது.

உள்ளிருந்து ஒரு விரல் துடைத்ததுபோல, எள்ளளவு இடம் தெளிந்தது. குரிதா அதன் வழியே பார்த்தார்.

எங்கோ உய்ய்ய்… என்று ஓர் இரைச்சல். நட்சுயோ கையிலிருந்த தட்டில் தேநீர்க் கோப்பைகள் கடகடவென்று ஆடின.

"தெராவோ… மேகம்டா… வலப்பக்கம் நான்தான் வந்தேன்… உன்னப் பாக்கல… நான்தான்டா இடிச்சேன்…"

குரிதா சொன்னது நட்சுயோ காதிலும் விழுந்தது.

குரிதா வெறுங்காலோடு ஓடினார்.

அப்பாவின் படத்துக்கு முன் வெகுநேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இனி உண்மை வெளியே வரும். குரிதாவே எல்லோரிடமும் சொல்வார். அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் காலை போன் வந்தது.

"நேத்து வெயில்ல என்னமோ உளறிட்டேன் தம்பி. அதப் போயி வெளிய சொல்லிட்டுத் திரியாத. உன்னத்தான் பைத்தியம்பாங்க. செத்தவனா வந்து சாட்சி சொல்லப் போறான்?"

அன்று பதினாறாம் தேதி. இறந்தவர்களைத் திருப்பி அனுப்பும் நாள். அந்தியில் தெருவெங்கும் வழியனுப்பும் தீ எரிந்தது. நட்சுயோ ஒரு கத்தரிக்காய் மாட்டை ஏந்தி வந்தாள். அவளே செய்திருந்தாள்.

"போதுங்க. அவர அனுப்பிடுங்க."

மாட்டை வாங்கினேன். கால் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். வாசலில் தீ வைக்கவில்லை. மாடத்தின் முன் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணா, அந்த ஆள் சொன்னதக் கேட்டீங்கல்ல? உங்களப் போகச் சொல்ல எனக்கு மனசில்ல. வேலைய முடிச்சிட்டுப் போங்க."

எதிர்வீட்டுத் தீ அணைந்தது.

கூடத்தில் ஒரு காற்று.

மண்ணெண்ணெய் வாடை போய்விட்டது.

விமானம் அங்கேயே இருந்தது. மூடி ஒட்டியபடியே இருந்தது. இருக்கை காலி. பொம்மை… எங்குமே இல்லை.

மூன்று நாள் கழித்துக் குரிதாவின் மகன் வந்தார். தன் அப்பா கடைசியாக வந்துபோனது எங்கள் வீடு என்பதால் விசாரிக்க வந்தாராம். பதினாறாம் தேதி அந்தியில் குரிதா கூடத்தில் பாயில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மாடி இல்லாத வீடு. மருமகள் தர்பூசணி நறுக்கிக்கொண்டு வருவதற்குள் உயிர் போய்விட்டது. கூரையில் ஒரு ஓடுகூட நகரவில்லை.

முறைப்படி தலை தாழ்த்தி இரங்கல் சொன்னேன். எனக்கு வருத்தம் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மகன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயங்கி நின்றார்.

"ஒடம்புல ஒரு எலும்புகூட முழுசா இல்லீங்க. டாக்டர் என்னத் தனியாக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு… 'உங்க அப்பா எவ்வளவு ஒசரத்துலேருந்து விழுந்தாரு?'"