உள்ளங்காலில் பூசாத மஞ்சள்

எங்கள் வடக்குப்பட்டுக்கு நர்ஸாக வந்த ராஜாமணியம்மா நாசரேத் பக்கத்துக்காரர். கல்யாணம் ஆகவில்லை. ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஒற்றை அறையில்தான் மருந்துப் பெட்டி, அடுப்பு, பாய் எல்லாம். ஏழு வருஷம் இருந்தார். அந்த வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பை நான் பார்த்ததே இல்லை. அவரைப் பற்றி ஊர் வேறு மாதிரி சொல்லும். நான் சொல்கிறபடியே எழுதுங்கள்.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு வந்தால் அவருக்கு ஒரு முறை உண்டு. துணியெல்லாம் அவிழ்த்துப் பிள்ளையைப் பாயில் கிடத்துவார். தொடமாட்டார். கைக்கடிகாரத்தையும் பிள்ளையின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்து, மூச்சு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுவார். எனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. முள் ஒரு முழுச் சுற்று வரும் வரை அவர் வாய் திறக்கமாட்டார் என்பது மட்டும் தெரியும். பிறகுதான் உச்சிக்குழியைத் தடவுவது, சுண்டு விரலை வாயில் வைத்துச் சப்புகிறதா என்று பார்ப்பது, மூக்கையும் மார்பையும் கட்டைவிரலால் அழுத்தி எடுத்து என்ன நிறம் வருகிறது என்று பார்ப்பது எல்லாம்.

அந்த ஒரு சுற்றுதான் வினையாகப் போனது. பிள்ளை பெறாத ஒருத்தி, அம்மணமாகக் கிடக்கும் பச்சைக் குழந்தையை, ஒரு வார்த்தை பேசாமல் அவ்வளவு நேரம் பார்த்தால் எங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர்? அவர் தலை மறைந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். நாகப்பன் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "மூச்சு வேகமா இருக்கு, இப்பவே செங்கல்பட்டுக்குக் கொண்டு போங்க" என்றார். அவர்கள் போகவில்லை. மறுநாள் பிள்ளை போய்விட்டது. நர்ஸம்மா கண்ணு என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அதன்பின் அவர் தெருவில் வந்தால் தாய்மார்கள் முந்தானையால் குழந்தையை மூடிக்கொள்வார்கள்.

அடுத்த ஐப்பசியில் எனக்கு முதல் பிள்ளை, சரோஜா. தீட்டு என்று எங்களைக் கொட்டகையில் விட்டிருந்தார்கள். மாமியார் சந்திரம்மாள் காலையில் வந்து பிள்ளைக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிவிட்டுப் போவாள். கஞ்சி வாசலோடு வரும். பேச ஆளில்லை. மூன்றாம் நாள் சரோஜா அழவில்லை. மார்பில் வைத்தால் வாயைத் திறக்கவில்லை.

"இன்னா சாதுவா தூங்கினு கீது பாரு எம் பேத்தி" என்றாள் மாமியார்.

"பால் குடிக்கலியே, அத்தை."

"பசிச்சா குடிக்கும். ஆறு பெத்தவ நானு, நீ எனக்குச் சொல்றியா?"

அன்று உச்சிப்பொழுதில் வாசலில் நர்ஸம்மா குரல் கேட்டது. "பிள்ளை எப்படி இருக்கு? சும்மா பாத்துட்டுப் போறேன்."

"கொயந்த தூங்குது. ஒங்க கண்ணு எங்க வூட்டுக்கு வேணாம், போய்க்கினே இருங்க" என்று மாமியார் வாசலிலேயே மறித்தாள்.

செருப்புச் சத்தம் தூரப் போனது. எனக்கும் அந்தக் கண்ணுக்குப் பயம்தான். ஆனால் மடியில் பிள்ளை துணி மாதிரித் துவண்டு கிடந்தது. மாமியார் வீட்டுக்குள் போனதும் பின்பக்கப் படலைத் தள்ளிக்கொண்டு, மூன்று நாள் உடம்போடு, ஏரிக்கரைக்கு நடந்தேன்.

அந்த அறையில் பிள்ளையைக் கிடத்தி, முள் ஒரு சுற்று வரும் வரை அவர் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மூக்கை அழுத்தினார். மார்பை அழுத்தினார். எல்லாம் மஞ்சள்.

"குளிப்பாட்டின மஞ்சளா, உள்ளே இருக்க மஞ்சளான்னு தெரியலையே தாயி." பஞ்சில் எண்ணெய் தொட்டுத் துடைத்தார். போகவில்லை. காலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "உள்ளங்காலுக்கும் பூசுனீங்களா?"

"இல்லம்மா. அங்க யாரு பூசுவா?"

உள்ளங்கால் பழுத்த மாவிலை மாதிரி இருந்தது. அவர் உடனே அறையைப் பூட்டினார். ஒரகடம் கூட்டு ரோடு வரை பிள்ளையை அவரே தூக்கி வந்தார்.

மஞ்சள் காமாலைக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். லீவு போட்டு என்னோடு உட்கார்ந்திருந்தார். ஆறாம் நாள் சரோஜா தொண்டை கிழியக் கத்தினாள். "இப்ப சாது இல்ல உம் மக" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

இதற்குப் பிறகாவது ஊர் அவரை உள்ளே விட்டிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. "கண்ணு போட்டவளே எடுத்துட்டா, அவ்ளோதான்" என்று சொல்லி மாமியார் என் கையில் உப்பைக் கொடுத்தாள். நானும் சுற்றிப் போட்டேன். அதை மறைக்கமாட்டேன். அந்த உப்பு அடுப்பில் வெடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

போகப் போக, தெருவில் குழந்தையைக் கண்டால் நர்ஸம்மாவே முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டார்.

மாற்றல் வந்த அன்று கூட்டு ரோட்டில் தனியாக, பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். நாலு வயது சரோஜாவை இழுத்துக்கொண்டு போனேன். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். நான் பிள்ளையின் சட்டையைக் கழற்றி அவர் முன்னால் நிறுத்தினேன்.

"நல்லா பாருங்கம்மா. முள்ளு ஒரு சுத்து வர்ற வரைக்கும்."

"இவளுக்கு ஒண்ணும் இல்லையே தாயி."

"ஒண்ணும் இல்லாத புள்ளைய பாருங்க."

பார்த்தார். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு சுற்று ஆகியிருக்காது, பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் உப்பு டப்பாவை நீட்டினாள். நான் வாங்கவில்லை.