வலைச் சாயத்தில் விழுந்த தாவணி

கலா, மேகலா, இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். அம்மா புரண்டு படுக்கும்போதெல்லாம் விளக்கை ஊதி அணைத்துவிட்டு, மறுபடி ஏற்றித்தான் எழுதுகிறேன்.

மாசி மகத்துக்கு நைலான் தாவணி கேட்டு நான் அழுதது உங்களுக்குத் தெரியும். "பிஞ்சிபோன நைலான் வலை கரையில கெடக்குது பாரு, மண்ணுகூட அத்த திங்க மாட்டேங்குது" என்றார் அப்பா. "கீற தாவணி நல்லாத்தான் கீது. அது வீணாப் போனாதான் புதுசு" என்றாள் அம்மா.

அதனால் இன்று அதை வீணாக்கினேன்.

பருத்தி வலையை நனைக்க அப்பா கடற்கரையில் மரப்பட்டைச் சாயம் காய்ச்சி வைத்திருந்தார். என் வெளுத்த பருத்தித் தாவணியைக் கை தவறியதுபோல் அண்டாவில் போட்டேன். கறை போகாது என்பது மட்டும்தான் என் நினைப்பில் இருந்தது. வலை மக்காமல் இருக்கத்தான் அந்தச் சாயம் என்பது மறந்துவிட்டது.

அப்பா கோலால் எடுத்து மணலில் காயப்போட்டார். நல்ல செம்பழுப்பு நிறம். இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து வருசம் கட்டலாம், பாப்பா" என்றார்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். "எம்பொண்ணுக்கு இன்னா மூளை பாரேன். நைலான் இன்னாத்துக்கு, வேர்வையில ஒட்டிக்கினு."

கலா, அப்போது உன் அம்மாவும் அங்கே இருந்தார். நாளை சாயங்காலம் மறுபடி காய்ச்சும்போது உன் பச்சைத் தாவணியைக் கொண்டுவருகிறாராம். மேகலா வீட்டுக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

தப்பிக்க வழி தெரிந்தவர்கள் நாளை பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடிப்பதற்குள் எழுதி அனுப்புங்கள். என்னை அடிக்க வருபவர்கள் தாவணியைப் பிடித்து நன்றாக இழுத்து அடிக்கவும். கிழிந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன்.