நாற்பத்தெட்டுச் சுற்று

சங்கரன்கோவிலில் எரிந்த மோட்டார்களுக்குச் செம்புக்கம்பியை எண்ணிச் சுற்றிக் காயில் கட்டுபவள் பேச்சித்தாய். பதினெட்டு வருடமாகக் கட்டுகிறாள். அதே வேலையை ஓர் ஆண் செய்தால் கெட்டிக்காரன் என்பார்கள். அவளைக் கைராசிக்காரி என்றார்கள்.

பனவடலிசத்திரத்துச் சங்கரசுப்பு கிணற்று மோட்டாரை ஆட்டோவில் கொண்டுவந்தார்.

“தாயி, ராசிக்கு ஒரு சுத்து மட்டும் போட்டுக் குடு. மிச்சத்தை நல்ல கெட்டிக்காரனா பாத்துக் கட்டிக்கிடுதேன்.”

“போட்டா காயிலுக்கு நாப்பத்தெட்டுச் சுத்தும் நான்தான் போடுவேன், அண்ணாச்சி.”

“ஒரு சுத்துல ஒனக்கு என்ன கொறஞ்சுபோவுது?”

“ராசிக்கு எண்ணத் தெரியாது. எனக்குத் தெரியும். கொண்டுபோங்க.”

அந்த மாதம் அவளைத் தேடிவந்த ஒரே பெரிய வேலை அது. அவர் முனகிக்கொண்டே மோட்டாரை ஏற்றிப் போனார்.

அவரோடு பேசியதில், கையில் சுற்றிக்கொண்டிருந்த மிக்சி காயிலின் எண்ணிக்கை தப்பியிருந்தது. சுற்றியதையெல்லாம் அவிழ்த்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.