பீஸ் கட்டை

கீழப்பாவூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் கிணறு அண்ணனுக்கும் எனக்கும் பொது. மூன்று நாள் அவர் முறை, மூன்று நாள் என் முறை. முறை முடிந்தவர் மோட்டாருக்குக் கரண்ட் விடும் பீஸ் கட்டையை உருவி, விடிந்ததும் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். அப்படியே வரப்பில் நின்று நாலு வார்த்தை பேசுவோம்.

ஒரு தடவை என் மூன்று நாளும் கரண்ட் சரியாக வரவில்லை. மிளகாய் வாடிக் கிடந்தது. நான் கட்டையைக் கொடுக்கவில்லை. அண்ணன் வெயில் ஏறும்வரை வரப்பில் நின்றார், கேட்காமலே போய்விட்டார். அவருடைய வெங்காயம் காய்ந்தது. நான் செய்தது அயோக்கியத்தனம் என்று அன்றைக்கே தெரியும். வீம்பு விடவில்லை. அவர் வடகரையில் மகள் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். பிறகு கிணறும் வற்றிப்போனது. சண்டை போடக்கூடத் தண்ணீர் இல்லை, பேச்சு மட்டும் திரும்பவில்லை.

சீசன் வந்தால் ஊரே துண்டும் கையுமாகக் குற்றாலத்துக்கு ஓடும். நானும் போவேன், அருவிக்கு அல்ல. வடகரைப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் அண்ணன் இறங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு வருஷமும் இறங்கவில்லை.

போன வருஷம் நிலத்தடி நீரை உயர்த்த அரசுப் பணம் வந்தது. மழைக்கு ஓடையில் வரும் தண்ணீரை ஜல்லித் தொட்டியில் வடிகட்டி, வற்றிய கிணற்றில் இறக்குவார்களாம்.

"அண்ணாச்சி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் பணம் வரும்" என்றார் ஒன்றிய அலுவலகத்து இன்ஜினியர். "அப்புறம் இதுல மோட்டார் வைக்கக் கூடாது. ஊரு போர்வெல்லுக்கெல்லாம் தண்ணி ஏறணும்லா."

அண்ணனுக்கு அவரே போன் செய்தார். "நாளைக்கு வாறேன்னு சொல்லுதாவ" என்றார். கிணறு கையை விட்டுப் போவது எனக்கு உறைக்கவே இல்லை. அண்ணன் வருகிறார் என்பது மட்டும்தான் மனசில் நின்றது.

மறுநாள் கிணற்றடிக்கு வந்தார். ரொம்ப இளைத்திருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டாமல் இன்ஜினியரிடமே கொடுத்தார். நானும் போட்டேன். இன்ஜினியர் பைக்கில் கிளம்பியதும் சட்டைப்பையிலிருந்து பீஸ் கட்டையை எடுத்தேன்.

"அண்ணே, அன்னைக்கு உங்க முறை. நான் செஞ்சது தப்பு."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பீங்கான் ஒரு ஓரத்தில் உடைந்திருந்தது. பிறகு வேட்டி மடியில் முடிந்துகொண்டார்.

"ஏலே, மூணு நாளு எங்கிட்ட இருக்கட்டும். நாலாம் நாளு வீட்டுக்கு வந்து வாங்கிக்க."